சுழிப்பிழை பார்த்தீரா?

"100க்கு 31!"

இந்த எண்ணை ஒரு தாய் சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், தோழர்களே! காய்ச்சல் எத்தனை பாகை என்று மருத்துவரிடம் சொல்வார்களே, அந்தக் குரல்!

கோவை, கணபதிப் பகுதி. படிப்பகத்துக் கூட்டத்திலே பேசிவிட்டு, லேத் பட்டறைத் தொழிலாளியான தோழர் ஒருவர் வீட்டுக்கு இரவு உணவுக்குச் சென்றிருந்தோம். அரையாண்டுத் தேர்வு முடிந்து, தை பிறந்திருந்த நேரம். ஆவி பறக்க இட்டிலி வந்தது; சட்டினி வந்தது; அன்பு வந்தது; ஆனால் அந்த அம்மையார் முகத்திலே மட்டும் மலர்ச்சி வரவில்லை.

"ஏனுங்க தோழர், இவன நீங்களே என்னன்னு கேளுங்க. ஒம்பதாவது படிக்கறான். சயின்சுல முப்பத்தொண்ணு. பெரிய வாத்தியார் கூப்புட்டு, 'பத்தாவதுல உங்க பையன் தேறமாட்டானுங்கம்மா, இப்பவே டி.சி. வாங்கிட்டு வேற எங்கியாச்சும் சேத்துருங்க; எங்க ஸ்கூலு நூத்துக்கு நூறு காட்டற ஸ்கூலு'ங்கறாருங்க."

பையன் மூலையிலே நின்றான். குற்றவாளிக் கூண்டிலே நிற்பவன் கூடத் தலையை அவ்வளவு தாழ்த்தமாட்டான்.

தேர்ச்சிக்கு 35. குறைந்தது 4. நான்கு மதிப்பெண் குறைந்ததற்கு, நான்கு ஆண்டுகளாகப் படித்த பள்ளியை விட்டே போ என்கிறார்கள்! கடையிலே நான்கு ரூபாய் குறைந்தால் "நாளைக்குக் கொடு" என்பான் கடைக்காரன். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெருந்தன்மை கூட இல்லை.

ஏன் ஒன்பதாம் வகுப்பிலே இந்தக் கத்தி? காரணம் உண்டு. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் நிறுத்தி வைக்கக் கூடாது, பள்ளியை விட்டு வெளியேற்றவும் கூடாது என்று சொன்னது. நடுவண் அரசு 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க வழி திறந்துவிட்டது. அந்த வழியே போகமாட்டோம் என்று சொன்னது தமிழ்நாடு. ஆகவே எட்டு வரை நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குடை உண்டு. பத்திலே பொதுத்தேர்வு, அங்கே பள்ளியின் பெயர் நாளேட்டில் வரும், வாயிலில் பதாகை தொங்கும். எட்டுக்கும் பத்துக்கும் நடுவிலே நிற்கிறது ஒன்பது! குடையும் கிடையாது, பொதுத்தேர்வும் கிடையாது. பதாகையிலே 100 விழுக்காடு என்று எழுத வேண்டுமானால், கறை என்று கருதப்படும் பிள்ளைகளை ஒன்பதிலேயே துடைத்துவிடுவதுதான் எளிய வழி. வகுப்பிலே வடிதாள் வைத்து வடிகட்டும் ஆய்வு நடக்கிறதோ இல்லையோ, அலுவலக அறையிலே அந்த ஆய்வு ஒழுங்காக நடக்கிறது!

பையனை அருகிலே அழைத்தோம். "தம்பி, புத்தகத்தை எடு" என்றோம். எடுத்து வந்தான்.

புத்தகத்தைப் புரட்டினோம், பொறாமையாக இருந்தது நமக்கு! 2018இல் வந்த பாடத்திட்டம். அளவீட்டிலே தொடங்கி, இயக்கம், பாய்மங்கள், மின்னூட்டம், காந்தம், ஒளி, வெப்பம், ஒலி, அண்டம் என்று இயற்பியல். அணுவின் உள்ளமைப்பும் அமிலமும் காரமும் என்று வேதியியல். திசுவிலிருந்து நுண்ணுயிர் வரை உயிரியல். வண்ணப் படங்கள். நாம் ஒன்பதாம் வகுப்புப் படித்த காலத்திலே மெட்ரிக் பள்ளிக்கு ஓர் அறிவியல், நகராட்சிப் பள்ளிக்கு ஓர் அறிவியல் இருந்தது. அடுத்த வீட்டுப் பையன் புத்தகம் வேறு, நம் புத்தகம் வேறு. தண்ணீர் மட்டும் இரண்டு வீட்டிலும் 100 பாகையிலேதான் கொதித்தது! அந்த வேற்றுமையைப் போக்கத்தான் 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டு 9இல் உச்ச நீதிமன்றம் அதை நிறைவேற்றச் சொன்னது. இன்று மெட்ரிக் பிள்ளைக்கும் மாநகராட்சிப் பிள்ளைக்கும் ஒரே பாடம். சின்ன வெற்றியா அது?

பாடம் ஒன்றாகிவிட்டது. ஆய்வுக்கூடம் ஒன்றாகிவிட்டதா?

"முதல் பாடத்திலிருந்து கேட்கிறோம், சொல். மீச்சிற்றளவு என்றால் என்ன?"

மளமளவென்று கொட்டினான் பையன். "ஒரு கருவியினால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு அக்கருவியின் மீச்சிற்றளவு எனப்படும். வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு பூச்சியம் புள்ளி பூச்சியம் ஒன்று சென்டிமீட்டர். திருகு அளவியின் மீச்சிற்றளவு பூச்சியம் புள்ளி பூச்சியம் ஒன்று மில்லிமீட்டர்." கடைசிச் சொல்லைச் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டான்.

"நன்று! வெர்னியரைத் தொட்டிருக்கிறாயா?"

"இல்லீங்க. படம் பாத்துருக்கறேன். பீரோவுக்குள்ள இருக்குதுன்னு சார் சொன்னாருங்க."

அப்போதுதான், இட்டிலித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நம் தோழர் நிமிர்ந்தார். "எது? வெர்னியரா? நம்ம வெர்னியரா?"

எட்டாவதோடு பட்டறைக்குப் போனவர் அவர். ஒன்பதாம் வகுப்பின் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். பம்பு செட்டுக்குத் தண்டு கடைகிறவர். தன் மகன் பாடப்புத்தகத்திலே தன்னுடைய கருவியின் படம் இருக்கிறது என்பது அன்று இரவுதான் அவருக்குத் தெரிந்தது! உள்ளே போனார். துணியிலே சுற்றிய பொருளைக் கொண்டு வந்தார். எண்ணெய் மணம். மகன் கையிலே வைத்தார்.

நாம் வேடிக்கை பார்த்தோம். பாதி கடைந்த தண்டுத் துண்டு ஒன்றைத் தாடைகளுக்கு நடுவே வைத்தான் பையன். கை நடுங்கியது. "அழுத்தாத கண்ணு, சும்மா தொட்டாப் போதும்" என்றார் தந்தை. முதன்மை அளவுகோலிலே 25 மில்லிமீட்டர் தாண்டியிருக்கிறது. எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒன்றுகிறது? கண்ணை இடுக்கிக் கொண்டு தேடினான். பதினேழாவது கோடு! பட்டறை வெர்னியரின் மீச்சிற்றளவு பள்ளிப் புத்தகத்திலே உள்ளது போல் 0.1 மில்லிமீட்டர் அல்ல, 0.02. பதினேழை 0.02ஆல் பெருக்கினால் 0.34. ஆக 25.34 மில்லிமீட்டர் என்றான் பையன். குரலிலே ஓர் உயரம் வந்திருந்தது.

"தப்பு" என்றார் தந்தை.

பையன் முகம் சுருங்கிற்று.

"நீ பாத்தது சரி. இது பழைய வெர்னியர். வாயை மூடிப் பாரு. கோடு சீரோவுல நிக்காது. ரெண்டு கோடு தள்ளி நிக்கும். நாலு சேத்திக் காட்டும். அதைக் கழிச்சுப்போட்டுத்தான் நான் சொல்லுவேன். உம்பட ஜாப்பு இருபத்தஞ்சு முப்பதுதான்."

பையன் துள்ளினான்! "அப்பா! அதுதான் சுழிப்பிழை! நேர் சுழிப்பிழை வந்தாக் கழிக்கோணும், எதிர் சுழிப்பிழை வந்தாக் கூட்டோணும்! புக்குல இருக்குது!"

"அதுக்குப் பேரு வேற வெச்சிருக்காங்களா?" என்றார் தந்தை.

பதினெட்டு ஆண்டுகளாக நாள்தோறும் சுழித்திருத்தம் செய்து வருகிற மனிதர். அதற்கு ஒரு பெயர் உண்டென்று அறியாதவர். பெயரையும் விதியையும் ஒப்புவிக்கிற மகன். அந்தப் பிழையைக் கண்ணாலே காணாதவன். ஒரே கூரையின் கீழ் இருவரும் உறங்கி எழுகிறார்கள். திருகு அளவி என்று மகன் படிப்பதும், மைக்ரோமீட்டர் என்று தந்தை அழைப்பதும் ஒரே கருவிதான் என்பதும் அன்றுதான் வெளிப்பட்டது. வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631இல் உலகுக்குச் சொன்ன உத்தி, கடலைக் கடந்து வந்து கணபதிப் பட்டறையிலே புழங்குகிறது. பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்திலே இருக்கும் பள்ளி அலமாரிக்குள்ளேயோ அதற்குச் சிறைவாசம்!

விடைத்தாளையும் பார்த்தோம். கடத்தி, அரிதிற் கடத்தி ஆகியவற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக. இரண்டு மதிப்பெண் வினா. பையன் எழுதியிருந்தான்: அம்மா இரும்பு வடைச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும்போது துணியைச் சுற்றித்தான் பிடிக்கும், இரும்பு சூட்டைக் கைக்குக் கடத்தும், துணி எளிதில் கடத்தாது, அதனால் இரும்பு கடத்தி, துணி அரிதிற் கடத்தி. இதற்குக் கிடைத்தது அரை மதிப்பெண்! பக்கத்து இருக்கைப் பையன் புத்தக வரியை எழுத்துப் பிசகாமல் எழுதி இரண்டும் வாங்கினானாம். அவனிடம் வடைச்சட்டியைக் கொடுத்தால் வெறுங்கையாலே பிடிப்பானோ என்னவோ, நமக்குத் தெரியாது!

இந்த ஒரு விடைக்கு மட்டும் உரிய மதிப்பெண் கிடைத்திருந்தால் 31 என்பது 32½ ஆகியிருக்கும். இப்படி இன்னும் இரண்டு விடைகள் இருந்தன அந்தத் தாளிலே. கூட்டிப் பாருங்கள்!

ஆசிரியர் மீது பழி போட நாம் பேனா எடுக்கவில்லை. அந்த ஆசிரியர் படித்தது விலங்கியல். அவரேதான் வெர்னியரும் நடத்த வேண்டும், வேதிப்பிணைப்பும் நடத்த வேண்டும், தாவரத் திசுவும் நடத்த வேண்டும். பட்டதாரி ஆசிரியர் என்றால் அறிவியலின் எல்லாக் கிளையிலும் ஏறியிறங்க வேண்டும் என்பது நம் உயர்நிலைப் பள்ளிகளின் ஏற்பாடு. கட்டுக் கட்டாக விடைத்தாள். இரவு முழுதும் சிவப்பு மையிலே திருத்துகிறவர், கையிலே விடைக்குறிப்பை வைத்துக் கொண்டு, இந்தச் சொல் இருக்கிறதா, அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துக் கோடு போடுகிறார். வடைச்சட்டி விடைக்குறிப்பிலே இல்லை. அவர் என்ன செய்வார்?

நம்முடைய பள்ளிக்கூடக் கதையும் இதுதான். ஆய்வுக்கூடம் என்று எழுதிய கதவு ஒன்று இருந்தது. மேலதிகாரி பார்வையிட வரும் நாளிலே திறக்கும். வண்டி தெருக்கோடி தாண்டியதும் மூடும். குடுவைகளைத் துடைத்து அடுக்குவதற்குத்தான் நாம் அழைக்கப்பட்டோம், ஆய்வு செய்வதற்கல்ல. தனி ஊசல் சோதனையை நாம் செய்ததே இல்லை. ஆனால் பதிவேட்டிலே எழுதினோம்! முந்தைய ஆண்டு அண்ணன் ஒருவன் எழுதியதைப் பார்த்து நாம் எழுத, நம்மைப் பார்த்து நாற்பது பேர் எழுத, நாற்பது பதிவேட்டிலும் புவிஈர்ப்பு முடுக்கம் 9.8! நியூட்டனே வந்து செய்தாலும் நாற்பது முறையும் ஒரே விடை வராது. நமக்கு வந்தது. "நன்று" என்று கையெழுத்தும் வந்தது!

இந்த நோயைக் கண்டுபிடித்தது நாம் அல்ல. 1952-53இலேயே, சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு சொல்லிவிட்டது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் பொது அறிவியல் படிக்கட்டும் என்றது. ஒரே பெரிய தேர்வின் பிடியைத் தளர்த்துங்கள், பள்ளியிலே ஆண்டு முழுவதும் பிள்ளை செய்ததையும் கணக்கிலே சேருங்கள் என்றது. பின்னர் 1964-66இல் டாக்டர் கோத்தாரி குழு, முதல் பத்து ஆண்டுப் பள்ளிப் படிப்பிலே அறிவியலும் கணக்கும் எல்லோருக்கும் கட்டாயம் ஆகட்டும் என்றது. பாடம் வந்தது. பாடத்தோடு சேர்ந்து வர வேண்டிய செய்முறைதான் வழியிலே தங்கிவிட்டது!

முயற்சியே இல்லை என்று சொல்லமாட்டோம். 2013-14இலே ஒன்பதாம் வகுப்புக்கு முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. தேர்வுக்கு 60, பிள்ளை செய்யும் செயல்களுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40. நல்ல எண்ணம். ஆனால் நடந்தது என்ன? எழுதுபொருள் கடைக்காரர் கொழித்தார்! "இதயத்தின் அமைப்பு ஒண்ணு, சூரியக் குடும்பம் ஒண்ணு" என்று காய்கறி வாங்குவது போல ஆயத்த வரைபடம் வாங்கிக் கொண்டு போய் ஒட்டினார்கள். கூலி வாங்கும் நாள் வரை காத்திருந்து, அந்த வரைபடத்துக்கு இருபது ரூபாய் எண்ணிக் கொடுத்த தாய்மார்களை நாம் அறிவோம். பின்னர் ஒன்பதிலிருந்து முப்பருவம் விலக்கப்பட்டது. பத்தாம் வகுப்பிலே இன்று அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அந்த 25ஐக் குறைவின்றி அள்ளிக் கொடுத்துவிடுகிற பள்ளிகள் பல. கொடுக்கட்டும், ஆனால் கருவியைக் கையிலே கொடுத்துவிட்டு மதிப்பெண்ணைக் கொடுத்தால் என்ன?

தேர்வே வேண்டாம் என்கிறீரா என்று கேட்பார்கள் சிலர். இல்லை! தேர்வில்லாத ஆண்டையும் பார்த்தோம். கொள்ளைநோய் வந்த 2020இலும், மீண்டும் 2021இலும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வின்றியே தேர்ச்சி பெற்றார்கள். அந்த நேரத்திலே அதுவே சரி. ஆனால் எது தெரியும், எது தெரியாது என்று தனக்கே தெரியாமல் பத்தாம் வகுப்பிலே போய் உட்கார்ந்த பிள்ளை பட்ட பாடு சிறிதா? அளக்கத்தான் வேண்டும். அளக்காமல் தண்டு கடைந்தால் பம்பு ஓடாது. நாம் கேட்பது வேறு.

அளவியைப் பார்த்தீரா? வாயை மூடிச் சுழியைப் பார்த்தீரா?

ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் அதுதானே! பொருளை அளக்கும் முன் கருவியின் பிழையைப் பார். பிழை இருந்தால் கூட்டியோ கழித்தோ திருத்து. பிறகு எண்ணைச் சொல் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறீர்கள். தவறினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறீர்கள். அதே பிள்ளையை அளக்கும்போது அந்தப் பாடம் எங்கே போயிற்று? தனி அறை, தனி விளக்கு, மாலையிலே தனி ஆசிரியர், கேட்டால் சொல்லித் தரப் படித்த தந்தை, இத்தனையும் உள்ள வீட்டிலிருந்து வருகிறது ஒரு 80. அதிலே எவ்வளவு கழித்தீர்கள்? ஒற்றை அறையிலே, தாய் இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் ஓசைக்கும் தம்பியின் அழுகைக்கும் நடுவிலே, விடுமுறை நாளிலே பட்டறையில் இரும்புத் தூளைக் கூட்டி அள்ளிவிட்டு வந்து படித்த பிள்ளையிடமிருந்து வருகிறது ஒரு 31. அதிலே எவ்வளவு கூட்டினீர்கள்? கூட்டவும் வேண்டாம், இவனை வெளியே அனுப்பு என்று முடிவு கட்டும் முன், கூட்ட வேண்டியது உண்டா என்றாவது பார்த்தீர்களா?

இந்தப் பையன் படிக்கும் அதே புத்தகத்திலே காந்தவியல் பாடத்தில் வருகிறார் மைக்கேல் பாரடே. யார் அவர்? இலண்டன் நகரத்துக் கொல்லர் ஒருவரின் மகன். 1791இலே பிறந்தவர். எழுதவும் படிக்கவும் கூட்டவும் கழிக்கவும் அளவுக்குத்தான் பள்ளி. பதினான்கு வயதிலே, அதாவது நம் ஒன்பதாம் வகுப்பு வயதிலே, புத்தகம் கட்டும் கடையிலே வேலைப் பயிற்சிக்குப் போனார். கட்ட வந்த நூல்களைக் கட்டும் முன் படித்தார். 1812இலே ஒரு வாடிக்கையாளர் நுழைவுச் சீட்டுக் கொடுக்க, அம்பரி டேவி என்ற பேரறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டார்; கேட்டதைக் குறிப்பெடுத்தார்; ஏறத்தாழ 300 பக்கம் எழுதி, தன் கையாலேயே கட்டி, டேவிக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டே ஆய்வுக்கூட உதவியாளர் வேலை! 1831இலே மின்காந்தத் தூண்டலைக் கண்டார். இன்று நம் ஆலையிலே ஓடும் மோட்டாருக்கும், வீட்டிலே எரியும் விளக்குக்கு மின்சாரம் தரும் மின்னாக்கிக்கும் வேர் அவருடைய ஆய்வு மேசையிலே இருக்கிறது. கணக்கிலே அவர் கடைசி வரை வலுவற்றவர்தான். டேவி அவரிடம் விடைக்குறிப்பை வைத்துக் கொண்டு வினாக் கேட்கவில்லை. அவன் செய்து அனுப்பியதைப் பார்த்தார். நூற்றுக்கு நூறு காட்டும் பள்ளியொன்றிலே பாரடே ஒன்பதாவது படித்திருந்தால், மாற்றுச் சான்றிதழோடு எந்தத் தெருவிலே நின்றிருப்பாரோ!

"இப்ப நாங்க என்ன செய்யோணும், சொல்லுங்க" என்றார் அந்த அம்மையார். பேச்சாளரை மடக்கும் கேள்வி!

சொன்னோம். மாற்றுச் சான்றிதழ் என்பது பெற்றோர் வேண்டும் என்று எழுதிக் கேட்கிற தாள். அவர்கள் நீட்டும் விண்ணப்பத்திலே கையெழுத்துப் போடாதீர்கள். "என் மகன் இங்கேதான் படிப்பான்; ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது; அலமாரியிலுள்ள வெர்னியரை வெளியே எடுங்கள்" என்று பணிவாகச் சொல்லுங்கள். சொல்லும்போது தனியாகப் போகாதீர்கள். பெற்றோர் நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். சங்கம் எதற்கு என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டுமா?

ஐந்து பேர் போனார்களாம். தலைமையாசிரியர் முதலில் கடுத்தார். பிறகு உட்காரச் சொன்னார். விண்ணப்பம் கையெழுத்தில்லாமலே திரும்பி வந்தது. அலமாரிச் சாவி யாரிடம் என்று தேடவே ஒரு வாரம் ஆயிற்று என்று கேள்வி!

அடுத்த ஞாயிறன்று வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது படிப்பகத்திலே எட்டிப் பார்த்தோம். நாளேடுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையைச் சுற்றி ஆறேழு பிள்ளைகள். தோழரின் பழைய வெர்னியர் நடுவிலே. மின்வேலை செய்யும் தோழர் ஒருவர் காயிலே போன விசிறி மோட்டாரைப் பிரித்து வைத்துக் கொண்டு காத்திருந்தார், தம் முறை வரட்டும் என்று. நம் 31 ஒரு ரூபாய் நாணயத்தை அளந்து கொண்டிருந்தான். கரும்பலகையிலே "21.98 மி.மீ." என்று பெரிதாக எழுதினான்.

எதிரே இருந்த மில் தொழிலாளியின் மகள், அவளும் ஒன்பதாவதுதான், பலகையைப் பார்த்தாள், வெர்னியரைப் பார்த்தாள்.

"டேய், சுழிப்பிழையைக் கழிச்சியா?"

நாக்கைக் கடித்துக் கொண்டான் பையன். சட்டைக் கையாலேயே அழித்துவிட்டு, 21.94 என்று எழுதினான்.